சாய்வு பத்தரை பாகை

நிலையாக நிற்பவை எதற்கும்
எங்களைத் தெரியாது.
நடுக்கோட்டுக்கு மேலே, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில்
வரிசையாக உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கிறார்களே,
அந்தக் கண்ணியவான்களுக்கு
பூமியின் வயிறு மறைக்கிறது.
தென்துருவத்தில் நாற்பத்திரண்டு பேர்
குளிர்காலம் கழிப்பது அவர்கள் கணக்கில் இல்லை.

எங்களைப் பார்க்க வேண்டுமானால்
கொஞ்சம் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

ஹெஸ்பர்-2 கெட்டுப்போனது.
பதிவேட்டில் அதன் கதை ஒன்றேகால் பக்கம்.
கூரூ ஏவுதளத்தில் முதல் நாள் மழை,
இரண்டாம் நாள் ஒரு வால்வு,
மூன்றாம் நாள் இரவு கிளம்பியது,
ஒரே ராக்கெட்டில் இரண்டாக.
மேல்தட்டில் போனது பதினோரு மாதத்தில் ஊமை.
இது மட்டும் நீள்வட்டத்தில் மூன்று முறை உந்தி
ஏறி, வட்டமாகி,
மேற்கு இருபத்தேழு பாகையில் அசையாமல் நின்றது.
அசையாமல் என்றால்
மணிக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர்.

பதினான்கு வருஷம் சாய்வு சுழியம்.
லிஸ்பனிலிருந்து ரெசிஃபெக்கு ஒரு கல்யாணச் செய்தி,
கால்பந்து, வங்கிக் கணக்கு, யாருடைய போரோ.
கம்பெனி கைமாறியது. பெயர் மாறியது.
மறுபடி மாறியது.
எரிபொருள் குறைந்ததும்
வடக்கு தெற்குப் பிடியை விட்டுவிடச் சொன்னார்கள்.
அவ்வளவுதான்.
ஒரு பக்கம் நிலா, ஒரு பக்கம் சூரியன்,
ஆண்டுக்கு முக்கால் பாகைக்குச் சற்று மேல்
இழுத்த இழுப்புக்குப் போனது.
வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.
பத்தரை பாகை சாய்ந்தபோது
எங்களுக்கு நன்றாகவே உதித்தது.

இங்கே எதுவும் உதிப்பதில்லை.
சூரியனுக்கு ஆண்டுக்கு ஒரே காலை.
நட்சத்திரங்கள் செக்குமாடுகள், ஏறாது, இறங்காது.
தாழப் பறக்கும் சின்னவை குறுக்கே ஓடும்,
நின்று பேச நேரமில்லாதவை.
இது ஒன்றுதான் தினமும் நான்கு நிமிடம் முந்தி
அதே இடத்தில் எழும்.
நீட்டிய கையில் ஒரு விரல் உயரம்.
அதே இடத்தில் இறங்கும்.
நான்கரை மணி நேரம்.

அமரோவின் தொலைநோக்கி அள்ளியதெல்லாம் முதலில் போகும்.
மிச்சத்தில் நாங்கள்.
சமையலறை லிஸ்பெத்
மகளின் பல்லுக்குப் பணம் அனுப்புவாள்.
வெண்டல் மான்டானாவில் ஒரு எண்ணை அழைப்பான்,
ஒலித்ததும் வைத்துவிடுவான்.
நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.
ஆன்டெனா அடிவானத்தை உரசியபடி நிற்கும்.
காற்று பனித்தூளைக் கிளப்பினால்
எல்லோர் குரலும் கரகரக்கும்.

ஜூலை ஒன்பதாம் தேதி
மேரிலாண்டிலிருந்து ஹாலோரன் எழுதினார்:
மீதி ஆறு கிலோ, கூடக்குறைய.
அது தீர்வதற்குள் முந்நூறு கிலோமீட்டர்
மேலே தள்ளிவிட வேண்டும், விதி.
வெள்ளிக்கிழமை.

கடைசி நான்கரை மணியில்
யாரும் உரை நிகழ்த்தவில்லை.
வெண்டல் முதல் ஆளாக வந்து நின்றான்.
தொலைபேசி கேட்கவில்லை.
கொதிகலன் கையேடு, புதிய பதிப்பு,
எழுநூற்றுப் பத்துப் பக்கம், படங்களோடு.
அதை இறக்கிக்கொண்டான். இரண்டு மணி நேரம் போயிற்று.
லிஸ்பெத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.
ஆகஸ்டில் கொதிகலன் நின்றபோது
அவளே அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்,
கையுறையோடு.

உந்தல் முடிந்தது, மின்கலம் காலி, அணைத்தாயிற்று
என்று ஹாலோரனின் மூன்று வரி
வேறு வழியாக, மெதுவாக வந்து சேர்ந்தது.

ஆன்டெனாவை நிறுத்தவில்லை.
இந்தக் குளிரில் ஒரு வாரம் அசையாவிட்டால்
பற்சக்கரத்தில் கிரீஸ் கல்லாகிவிடும்.
எந்த நேரத்தில் அசைத்தாலும் போதும்.
நான் தினமும் நான்கு நிமிடம் முந்தி
மேற்கு இருபத்தேழைப் பார்த்து
ஒரு விரல் உயர்த்தி
இறக்குகிறேன்.
பதிவேட்டில் காரணம்: கிரீஸ்.